மெட்ராஸ் விலை

செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு அடுப்பு அணைந்தது. பால் பொங்க இன்னும் ஒரு விரல் பாக்கி.

மதனவதி சிலிண்டரை அசைத்துப் பார்த்தாள். காலி. பால்காரரிடம் சொல்லியனுப்பினாள். எட்டரைக்கெல்லாம் வீரபாகு மூன்று சக்கர வண்டியில் புது சிலிண்டரோடு வாசலில் நின்றான். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து செவிலிமேடு வரை மிதித்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"இருபத்தெட்டு நாப்பது, நயினாரே."

நேமிநாதன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் தலைமை எழுத்தர். பதினேழு வருடமாகப் புடவைகளுக்கு விலைச் சீட்டு எழுதுகிறவர். அடுத்தவர் எழுதிய விலையை அவரால் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது.

"போன தடவ இருபத்தஞ்சு எம்பது."

"ஏறிப்போச்சு."

"மெட்ராஸ்ல ஏறலையே."

"அது மெட்ராஸ். இது காஞ்சீவரம்."

நேமிநாதன் உள்ளே போய் முந்தின நாள் பேப்பரை எடுத்துவந்தார். ஊர்வாரியாக கேஸ் விலை போட்டிருந்த மூலையைச் சிவப்பு மசியால் ஏற்கெனவே கோடிட்டிருந்தார்.

"பாரு. மெட்ராஸ் இருபத்தஞ்சு எம்பது. அரக்கோணம் இருபத்தேழு பத்து. ஒரே கேஸு. ஊருக்கொரு வெலையா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது நயினாரே. உள்ள கொண்டாந்து வெக்கட்டுமா?"

"வெக்காத. திருப்பிக்கினு போ."

சமையலறையிலிருந்து மதனவதி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அண்ணிக்கு இன்னைக்கு விரதம் ஆரம்பம்ங்க."

"தெரியும். அதுக்குன்னு ஏமாந்தவனா ஆயிட முடியுமா?"

வீரபாகு மூச்சை இழுத்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

அண்ணி என்பது பிராமி. நேமிநாதனுக்கு அக்கா. முசரவாக்கத்திலிருந்து ஒரு பையும், பூச்சியை நோகாமல் தள்ள ஒரு மயிலிறகுக் கற்றையுமாக முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தாள். பத்து நாள் உண்ணாநோன்பு. ஒரு வேளை காய்ச்சிய நீர் மட்டும். பதினோராம் நாள் காலை பாரணை: உறவுக்காரர்கள் நாற்பது பேர் இலை போட்டு உட்கார, அவள் முதல் வாய் உண்டு விரதத்தை முடிப்பாள். அதன் பிறகுதான் மற்றவர் கை இலையில் படலாம்.

தம்பி வீட்டுக்கு அவள் வந்தது பாசத்தால் மட்டும் அல்ல. விறகு எரிகிற வீட்டில் அவள் நோன்பு இருக்க மாட்டாள். விறகில் எறும்பு இருக்கும், கரையான் இருக்கும். ஓர் உயிர் எரிந்தாலும் பத்து நாள் பட்டினி வீண். சுற்றுவட்டாரத்துச் சமண நயினார் குடும்பங்களில் கேஸ் அடுப்பு இருந்தது நேமிநாதன் வீட்டில் மட்டும்.

இப்போது அதுவும் வெறும் அடுப்பு.

நேமிநாதன் ஆபீசுக்குப் போகும் வழியில் ஏஜென்சியில் சைக்கிளை நிறுத்தினார். முதலாளி தணிகாசலம் மேசைக்குப் பின்னால் விசிறிக்கொண்டிருந்தார்.

"அரபு நாட்டுக்காரன் ஏத்திட்டான் நயினாரே. நானா ஏத்துனேன்?"

"அரபு நாட்டுக்காரன் மெட்ராஸுக்கு ஏத்தலையா?"

"லாரி வாடகை இருக்குது இல்ல?"

"அரக்கோணம் நாப்பத்து மூணு மைல். காஞ்சீவரம் நாப்பத்தாறு. மூணு மைலுக்கு ஒண்ணு முப்பதா? லாரியில கொண்டு வர்றீங்களா, பல்லக்குல கொண்டு வர்றீங்களா?"

தணிகாசலம் விசிறியைக் கீழே வைத்தார். "நீங்க சங்கத்துல என்னா பண்றீங்க? இங்க ஒரு வெலை, மெட்ராஸ் கடையில ஒரு வெலை. ஒரே பொடவதானே?"

"பொடவையக் கட்டினா பத்து வருஷம் இருக்கும். எரிஞ்சு போற கேஸுல எது மெட்ராஸ், எது காஞ்சீவரம்னு யாரால சொல்ல முடியும்?"

"அதத்தான் நானும் சொல்றேன். வித்தியாசம் தெரியாது. வாங்கிக்கினு போங்க."

"முடியாது. மெட்ராஸ் வெலைக்கு மேல ஒரு காசு குடுக்க மாட்டேன். கேஸே இல்லாம போனாலும் சரி."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படிதான் சொன்னார். விழுந்தது. மாலைக்குள் செவிலிமேட்டுக்கு அவருக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

பிராமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் பட்டினி. குரலில் பட்டினி இல்லை.

"எவ்ளோடா வித்தியாசம்?"

"ரெண்டு ரூபா அறுபது காசு."

"விட்டுக் குடுத்துடாத. எங்க வீட்டுக்காரரு நெல்லு வெலையில ஒரு தடவ விட்டுக் குடுத்தாரு. அப்புறம் செத்துப்போற வரைக்கும் விட்டுக் குடுத்துக்கினே இருந்தாரு."

"விடறதா இல்லக்கா."

"நானும் சொல்லிட்றேன். மெட்ராஸ் வெலைக்கு வாங்கின கேஸுல ஆக்கினாத்தான் நான் வாய் வெப்பேன். இல்லன்னா பதினோராம் நாளும் வெந்நீருதான்."

"அண்ணி," என்றாள் மதனவதி.

"என்னாம்மா?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

புதன்கிழமை விறகு வந்தது. மழைக்காலத்து விறகு. மதனவதி ஒவ்வொரு கட்டையாகத் தட்டி, மயிலிறகால் துடைத்து, வெயிலில் புரட்டி வைத்தாள். வெயில் இல்லை. பதினொரு மணிக்கு நாலு கட்டை தேறியது. ஐந்தாவதைப் பிளந்தபோது உள்ளே எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு குடிபெயர்ந்தன. அவை போய் முடிய இரண்டு மணி ஆனது. பிராமி பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி எறும்பு போகும்வரை பார்த்தாள்.

நாலு கட்டையில் நாற்பது பேருக்குச் சமைக்க முடியாது. இரண்டு பேருக்கே முடியவில்லை. நேமிநாதன் மத்தியானச் சாப்பாட்டை மாலை ஐந்தே முக்காலுக்குச் சாப்பிட்டார். இருட்டினால் சாப்பிடக் கூடாது என்பதால் இரவுச் சாப்பாட்டையும் அதன் தலையிலேயே சாப்பிட்டார். ராத்திரி முழுக்க வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கரியில உயிரு கிடையாது," என்றார் காலையில். "ஏற்கெனவே எரிஞ்சது."

வியாழக்கிழமை ஒரு மூட்டை கரி வந்தது. வாயைப் பிரித்ததும் தேள் ஒன்று வெளியே நடந்தது. முதுகில் குஞ்சுகள்.

"அடிக்காத!" என்றாள் பிராமி.

"யாருங்க அடிச்சா?" என்றாள் மதனவதி, அலமாரி மேலிருந்து.

நேமிநாதன் தேளை முறத்தில் ஏந்தினார். ஒரு குஞ்சு விழுந்தால் நின்றார். அது தாய் மேல் ஏறியதும் நடந்தார். பாலாற்றங்கரை அரை மைல். வழியில் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

"இன்னா நயினாரே, முறத்துல?"

"தேளு."

"எங்க போவுது?"

"ஆத்துக்கு."

"கேஸு வாங்கியிருந்தா இது வந்திருக்குமா?"

நேமிநாதன் நடையைக் கூட்டினார். முறம் ஆடியது.

அவர் திரும்பி வந்தபோது மூட்டைக்குள் இன்னும் என்னென்ன குடும்பங்கள் இருக்கின்றனவோ என்று யாரும் அதைத் தொடவில்லை. மூட்டை தோட்டத்துக்குப் போனது. மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் மூன்று மணி நேரம் நின்று இரண்டு லிட்டர் வாங்கினார். அது பிராமிக்கு வெந்நீர் வைக்கவும், இவர்களுக்கு ஒரு வேளை கஞ்சி வைக்கவும் போதும். பாரணைக்குப் போதாது.

அன்று தபால் ஆபீசுக்குப் போய் மச்சினன் சக்கரவர்த்திக்குத் தந்தி கொடுத்தார். சக்கரவர்த்தி மெட்ராஸ் துறைமுகத்தில் குமாஸ்தா. புரசைவாக்கத்தில் வீடு. வீட்டில் கேஸ் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். முப்பது வயது. அக்கா வீட்டுக்காரர் முன்னால் இன்னும் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவான்.

"காலி சிலிண்டர எடுத்துக்கினு போ," என்றார் நேமிநாதன். "உன் கேஸ் கார்டுல மெட்ராஸ் வெலைக்கு ஒண்ணு வாங்கி வை."

"மாமா, மெட்ராஸ்ல இப்போ கேஸு கெடைக்கிறதே கொஞ்சம்..."

"கொஞ்சம் என்னா?"

சக்கரவர்த்தி அக்கா மதனவதியைப் பார்த்தான். அக்கா உத்தரத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல மாமா. வாங்கிட்றேன். நானே கொண்டாந்து குடுத்துட்றேன்."

"வேணாம். நானே வந்து எடுத்துக்கினு வருவேன். மெட்ராஸ் கேஸு என் கையாலதான் இந்த ஊருக்குள்ள நுழையணும். ரசீதும் வேணும்."

"ரசீதா?"

"ரசீது இல்லாம வெலை ஏது?"

சக்கரவர்த்தி காலி சிலிண்டரைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான். போகும்போது காபி கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போட அடுப்பு இல்லை.

பிராமிக்கு ஆறாம் நாள். உடம்பு இளைத்தது. பேச்சு இளைக்கவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் தம்பியின் போராட்டத்தைச் சொன்னாள். எட்டாம் நாள் தெருவில் பாதிப் பேர் தணிகாசலத்தைத் திட்டினார்கள். கேஸ் அடுப்பையே கண்ணால் பார்க்காதவர்கள் அதிகம் திட்டினார்கள். எதிர்வீட்டு ரேணுகாம்பாள் மட்டும் மதனவதியிடம் கேட்டாள்:

"மெய்யாலுமே அந்தம்மா சாப்பிட மாட்டாங்களாம்மா?"

"மாட்டாங்க. அவரு வாங்க மாட்டாரு. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்க."

"நீ இன்னா பண்ணப் போற?"

"நான் இன்னா பண்றது? இலை அறுத்து வெக்கணும்."

புதன்கிழமை தந்தி வந்தது. 'சரக்கு தயார்.' நேமிநாதன் அதை இரண்டு தடவை படித்து, சட்டைப் பையில் வைத்து, ஏஜென்சி வழியாகச் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். தணிகாசலத்தைப் பார்த்து ஒரு தடவை சைக்கிள் மணி அடித்தார். நிற்கவில்லை.

வியாழக்கிழமை அதிகாலை ரயிலில் மெட்ராஸ் போனார். சக்கரவர்த்தி வீட்டுக் கூடத்தில் சிலிண்டர் நிறைந்து நின்றது. கீழே கோலம் போடாத குறை.

"சபாஷ். கடையில தகராறு பண்ணானா?"

"இல்ல மாமா."

"கார்டைப் பார்த்ததும் குடுத்துட்டான் இல்ல?"

"கார்டைப் பார்த்ததும் குடுத்துட்டான்." சக்கரவர்த்தி வியர்வையைத் துடைத்தான். "மாமா, பத்து மணி வண்டி இருக்குது."

"அந்தக் கடையப் பார்த்து முதலாளிக்கு ஒரு நன்றி சொல்லிட்டு..."

"கடை லீவு மாமா."

"ரசீது?"

நான்காக மடித்த ரசீது வந்தது. இருபத்தைந்து ரூபாய் எண்பது காசு. தேதி இருந்த இடத்தில் காபிக் கறை. விலை மட்டும் பளிச்சென்று இருந்தது. நேமிநாதன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. மற்றபடி எல்லா மரியாதையும் செய்தார்.

சிலிண்டரை ரயிலில் ஏற்றக் கூடாது. அதனால் படுக்கைக்குள் வைத்துச் சுருட்டி, மேலே தலையணையைக் கட்டினார்கள். எழும்பூரில் சுமந்த கூலிக்காரர் இரண்டு படி ஏறி நின்றார்.

"இன்னா சாமி இது? பொணமா?"

"படுக்கை."

"யாரு படுத்துக்கினு இருக்காங்க?"

ஒரு ரூபாய் அதிகம் கொடுத்ததும் கூலிக்காரர் கேள்வியை விட்டுவிட்டார்.

செங்கல்பட்டில் மூன்று மணி நேரம் காத்திருந்து வண்டி மாறினார். வாலாஜாபாத் போகிற பெரியவர் ஒருவர் இடம் இல்லாமல் படுக்கை மேலேயே உட்கார்ந்தார்.

"கல்லாட்டம் இருக்குதே?"

"மெட்ராஸ் பஞ்சு."

"அதானே பார்த்தேன்." பெரியவர் இடுப்பிலிருந்து பீடியை எடுத்தார். தீப்பெட்டியை எடுத்தார்.

நேமிநாதன் அந்தக் கையைப் பிடித்தார். "ஐயா, எனக்குப் புகை ஆவாது."

"ஜன்னல் பக்கம் ஊதறேன்பா."

"எங்க மதத்துல ஆவாது. நெருப்புல உயிரு போவும்."

"கொசு போனா நல்லதுதானே?"

"கொசு இல்லைங்க." நேமிநாதனின் குரல் மேலே ஏறவில்லை. "மனுசன்."

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பீடியைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார். நேமிநாதன் காஞ்சிபுரம் வரை படுக்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். பார்த்தவர்கள், பாவம், யாரோ வேண்டியவர் படுத்த படுக்கை என்று நினைத்தார்கள்.

வீட்டு வாசலில் ரிக்‌ஷா நின்றபோது சூரியன் மறைய ஒரு நாழிகை இருந்தது. மதனவதி வெளியே வந்தாள்.

"மொத்தம் எவ்ளோங்க ஆச்சு? ரயிலு, கூலி, ரிக்‌ஷா?"

"பதினோரு ரூபா."

"ரெண்டு அறுபதுக்கு."

"அது கொள்கை. கொள்கைக்கு வாடகை கிடையாது."

அவள் சிலிண்டரின் மறு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். "சரிங்க. குனிஞ்சு வாங்க. நிலை இடிக்கும்."

வெள்ளிக்கிழமை சூரியன் ஏறிய பிறகு அடுப்பு பற்றியது. நேமிநாதனே பற்றவைத்தார்.

"பாரு. மெட்ராஸ் கேஸு. நீலம் எப்படி இருக்குது பாரு! தணிகாசலத்துகிட்ட வாங்கினதுல ஒரு மஞ்சள் இருக்கும். நான் அப்பவே கவனிச்சேன்."

"தள்ளுங்க, கஞ்சி வெக்கணும்," என்றாள் மதனவதி.

ஒன்பது மணிக்கு நாற்பது இலை விழுந்தது. கூடத்தில் இருபது, தாழ்வாரத்தில் இருபது. பயத்தம் கஞ்சி, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக் கூட்டு, வெல்லப் பாயசம். பிராமி நடு இலையில் உட்கார்ந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்கள் மட்டும் ஜெயித்த கண்கள்.

"ரசீத எடுத்துக் காட்டுடா."

நேமிநாதன் ரசீதை விரித்துக் காட்டினார். அது நாற்பது கை மாறித் திரும்பி வந்தது.

"அண்ணி, மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க," என்றாள் மதனவதி. கஞ்சிக் கிண்ணத்தைக் கையிலேயே கொடுத்தாள்.

பிராமி கிண்ணத்தைத் தூக்கினாள்.

வாசலில் மூன்று சக்கர வண்டியின் சத்தம் கேட்டது.

"இரு, அக்கா!" என்றார் நேமிநாதன். "ஒரே நிமிஷம். அவன் பார்க்கணும்."

"எவனும் பார்க்க வேணாம்," என்றாள் மதனவதி. "அவங்க சாப்பிடட்டும்ங்க. பத்து நாளு!"

"பத்து நாளு இருந்தவளுக்கு ஒரு நிமிஷமா பெருசு? இல்லக்கா?"

"கூப்பிடு," என்றாள் பிராமி. கிண்ணம் வாய்க்கு அருகிலேயே நின்றது. "பார்த்துட்டு அவன் முதலாளிகிட்ட போய்ச் சொல்லட்டும்."

நேமிநாதன் வாசலுக்கு ஓடினார். வீரபாகு எங்கேயோ சிலிண்டர் கொண்டுபோகிற வழி. கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார். இத்தனை இலைகளையும் பார்த்துவிட்டு வீரபாகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"வா. சமையக்கட்டுல வந்து பாரு. எரியுது பாரு. மெட்ராஸ் கேஸு, மெட்ராஸ் வெலை. தணிகாசலம் இல்லாட்டி அடுப்பு எரியாதுன்னு நெனச்சியா? போய்ச் சொல்லு. இந்த ஊருல ஒருத்தன் ஒரு காசு மேல குடுக்கலன்னு சொல்லு."

கூடத்தில் எல்லாத் தலையும் சமையலறைப் பக்கம் திரும்பியது. மதனவதி மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீரபாகு அடுப்பைப் பார்க்கவில்லை. குனிந்து சிலிண்டரைப் பார்த்தான். அதன் மூடி தொலையாமல் இருக்கக் கழுத்தில் சிவப்புப் பட்டு நூலால் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. அந்த நூலை விரலால் நெருடினான். நிமிர்ந்தான். முகத்தில் கேலி இல்லை. உண்மையான கவலைதான் இருந்தது.

"நயினாரே, இது நான் கட்டின நூலு. மூணு நாளு முன்ன, செவ்வாக்கிழம, வீட்டம்மா குடுத்த கார்டுல இருபத்தெட்டு நாப்பது கட்டி உங்க மச்சினரு வாங்கினாரு, மெட்ராஸ் லாரியில நான்தான் தூக்கி ஏத்தினேன். இவ்ளோ தூரம் போனத அதுக்குள்ள எதுக்கு நயினாரே திருப்பிக் கொண்டாந்தீங்க?"